‘ஏலும்’ என்று சொல்லும் வீடுகளுக்கு ஒரு மேசை: பிரித்தானியாவில் உள்ள தமிழ்ப் பள்ளி, கோயில் நிர்வாகிகளுக்குத் திறந்த மடல்

அன்பான நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி வாசலில் மகளை இறக்கிவிட்டு, வகுப்பு முடியும்வரை காருக்குள்ளேயே இருந்த ஒரு பெண்ணை உங்களில் சிலர் கவனித்திருக்கலாம். அது நான்தான். உள்ளே வந்து தேநீர் குடிக்கச் சொல்லிப் பலமுறை கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் வராததற்குக் காரணம் பக்கத்து இருக்கையில் இருந்த என் கணவர். இவரை வீட்டில் தனியே விட்டுவர முடியாது. உள்ளே கூட்டிவந்தாலோ நாலு பேர் சுகம் விசாரிப்பார்கள், இவருக்குப் பதில் வாயில் வராது, முகம் இருண்டுவிடும். அப்படியே ஐந்து வருடம் போய்விட்டது.

2020 மார்கழியில் இவருக்குப் பாரிசவாதம் வந்தது. அப்போது வயது 51. இரவு வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. வலது கையும் வலது காலும் விழுந்தன, பேச்சும் போனது. கால் ஓரளவுக்குத் திரும்பியது. கை திரும்பவில்லை. பேச்சு இன்றைக்கும் வந்தும் வராமலும்தான் இருக்கிறது.

இந்த மடலில் நான் கேட்கப்போவது, ஏலாதவர்களுக்கான அரச கொடுப்பனவுப் படிவத்தை எங்கள் ஆட்கள் சரியாக நிரப்ப உதவுவதற்கு ஒரு மேசையும் ஓர் அறையும். அதை ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்பதைச் சொல்ல, எங்கள் வீட்டுக் குசினியில் நடந்ததைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

நீண்டகால வருத்தமோ இயலாமையோ உள்ளவர்களுக்கு அரசாங்கம் தருகிற, எல்லோரும் ‘பிப்’ (Personal Independence Payment) என்று சொல்லும் கொடுப்பனவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2013 இல் பழைய மாற்றுத்திறனாளர் கொடுப்பனவுக்குப் பதிலாகக் கொண்டுவந்தார்கள். வேலை செய்தாலும் கிடைக்கும், சேமிப்பு இருந்தாலும் கிடைக்கும். என்ன வருத்தம் என்பதற்காக அது கொடுக்கப்படுவதில்லை, அந்த வருத்தத்தால் அன்றாடம் எதையெதைச் செய்ய முடியாமல் இருக்கிறது என்பதற்காகக் கொடுக்கப்படுவது. சமைப்பது, சாப்பிடுவது, குளிப்பது, உடுப்பது, மலசலகூடம் போவது, பேசுவது என்று அன்றாட வாழ்க்கைக்குப் பத்து விடயங்கள், வெளியே நடமாடுவதற்கு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. ஒரு பிரிவில் 8 புள்ளி வந்தால் சாதாரண தொகை, 12 வந்தால் கூடிய தொகை. 2025 ஏப்ரலில் அன்றாட வாழ்க்கைப் பிரிவுக்குச் சாதாரண தொகை வாரத்துக்கு 73.90 பவுண்ஸாகவும் கூடிய தொகை 110.40 பவுண்ஸாகவும் இருந்தது. 7 புள்ளி வந்தால் ஒன்றும் இல்லை.

முதல் விண்ணப்பம் 2021 இல் போட்டோம். படிவத்தை நிரப்பியது எங்கள் மகள். அவளுக்கு அப்போது 14 வயது. எனக்கு ஆங்கிலம் கடைக்கும் பேருந்துக்கும் போதும், அந்தப் படிவத்துக்குப் போதாது. அவள் ஒவ்வொரு கேள்வியாக வாசித்துத் தமிழில் சொன்னாள், நான் பதில் சொன்னேன், அவள் எழுதினாள். இவர் எதிரில் இருந்தார். மலசலகூடப் பக்கம் வந்ததும் பிள்ளை பேனையை வைத்துவிட்டாள். “அப்பாவுக்கு இதில பிரச்சினை இல்லைத்தானே அம்மா?” என்று கேட்டாள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இல்லை” என்றேன்.

எங்கள் வீட்டில் தண்ணீர் விட்டுத்தான் கழுவுவோம். ஒரு கையால் ஜக்கைப் பிடித்துக்கொண்டு அதே கையால் கழுவ முடியாது. ஐந்து வருடமாக அந்த வேலை என்னுடையது. அதை நான் 14 வயதுப் பிள்ளையிடம் சொல்லி எழுதுவிக்கவில்லை. இன்னொருமுறை அந்த மேசையில் அதே நிலையில் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

முடிவு வந்தது: 6 புள்ளி. கொடுப்பனவு இல்லை.

பாரிசவாதப் பிரிவுத் தாதி ஒருவர்தான் இலவச ஆலோசனை நிலையத்துக்குப் போகச் சொன்னார். அங்கே இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை எடுத்துத் தந்தார். படிவத்தை அவர் திறக்கவேயில்லை. “நேற்று இரவு உங்கள் கணவர் என்ன சாப்பிட்டார்? எடுத்துவைத்ததிலிருந்து கைகழுவியதுவரை ஒன்றும் விடாமல் சொல்லுங்கள்” என்றார்.

புட்டும் மீன்குழம்பும் என்றேன். பிறகு சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது. நான் மீனில் முள் எடுத்தேன். புட்டைக் குழம்போடு குழைத்தேன். சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்துக் கோப்பையின் ஓரத்தில் வைத்தேன். இடது கையால் சாப்பிட இவருக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை, கரண்டி பிடித்தால் நழுவுகிறது. உருண்டையாக இருந்தால் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். ஒன்றை விழுங்குமுன் மற்றதை வைக்காதபடி பக்கத்திலேயே இருந்து பார்த்தேன், ஏனென்றால் புரைக்கேறும். முக்கால் மணிநேரம். படிவத்தில் சாப்பாட்டுப் பக்கத்தில் நாங்கள் எழுதியிருந்தது: ‘தானாகச் சாப்பிடுவார்.’

பொய் சொல்லவேண்டும் என்று எழுதவில்லை. எனக்கு அது உதவி என்றே தோன்றவில்லை. புருசனுக்குச் சோறு குழைத்துக் கொடுப்பதை உதவி என்று எங்கள் ஊரில் யார் சொன்னார்கள்? சாரம் கட்டிவிடுவதும் அப்படித்தான். ஒரு கையால் காற்சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியாது என்பதால் வீட்டில் சாரத்தோடு இருக்கிறார், அதையும் நான்தான் முடிந்துவிடுகிறேன். ‘உடுப்பதில் சிரமம் இல்லை’ என்று எழுதியிருந்தோம். வீட்டுக்குள் அன்பாக நடக்கிற வேலை எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. படிவமோ கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் எண்ணுகிறது.

மறுபரிசீலனைக்கு எழுதினோம். 10 புள்ளி கிடைத்தது, ஐந்து விடயத்துக்கு இரண்டு இரண்டாக. நாலு வருடத்துக்குக் கொடுத்தார்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். ‘ஏலுமா?’, அதாவது செய்ய முடியுமா, என்று கேட்டால் எங்கள் ஆட்கள் ‘ஏலும்’ என்பார்கள். ‘ஏலாது’ என்று சொன்னால் அது வருத்தக்காரன் பேச்சு, படுத்த படுக்கையில் கிடக்கிறவன் பேச்சு. அதனால் படுக்கையில் கிடக்கிறவரைத் தவிர எல்லோரும் ‘ஏலும்’தான். ஆனால் பிப் சட்டத்தில் ‘ஏலும்’ என்பதற்கு நாலு சோதனை இருக்கிறது. ஆபத்தில்லாமல் செய்ய வேண்டும். திருப்தியான அளவுக்குச் செய்ய வேண்டும். தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சாதாரணமாக எடுக்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. இந்த நாலில் ஒன்று தவறினாலும் அந்த வேலை அவரால் ‘ஏலாது’ என்றுதான் கணக்கு. அதுவும் ஏதோ ஒரு நல்ல நாளை வைத்துப் பார்ப்பதல்ல, பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலைமை எப்படி என்று பார்ப்பது. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். “அப்படியா? எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே” என்பதுதான் எல்லோர் பதிலும்.

சரி, புதுப்பிக்கிற கதைக்கு வருகிறேன்.

2025 ஏப்ரலில் மீளாய்வுப் படிவம் தபாலில் வந்தது. அந்த மாதங்களை மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச்சில்தான் அரசாங்கம் ஒரு பச்சை அறிக்கையை, அதாவது கொண்டுவர நினைக்கும் மாற்றங்களைச் சொல்லும் அறிக்கையை, வெளியிட்டிருந்தது: அன்றாட வாழ்க்கைப் பிரிவில் பணம் கிடைக்க, ஏதாவது ஒரு விடயத்திலாவது 4 புள்ளி இருக்கவேண்டும் என்று கொண்டுவரப்போகிறோம் என்று. இவருடைய பத்துப் புள்ளியும் இரண்டு இரண்டாக வந்தவை. இரவுகளில் நித்திரையில்லை. ஜூலை 1 ஆம் திகதி பாராளுமன்ற விவாதத்தின் நடுவிலேயே அந்தப் பகுதியைக் கைவிட்டார்கள், அமைச்சர் சர் ஸ்டீபன் டிம்ஸ் தலைமையில் பிப் மதிப்பீட்டு முறையையே மீளாய்வு செய்து 2026 இலையுதிர்காலத்துக்குள் அறிக்கை தருவோம் என்றார்கள். அந்த மீளாய்வை மாற்றுத்திறனாளர்களையும் சேர்த்துத்தான் நடத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் எங்கள் வீடுகளின் குரலும் போய்ச்சேரவேண்டும். ஆனால் தனக்கு எத்தனை புள்ளி, எதற்காக என்றே தெரியாதவர் எதைப் போய்ச் சொல்வார்? அதற்கும் சேர்த்துத்தான் இந்த மேசை.

மீளாய்வுப் படிவத்தைத் திருப்பி அனுப்ப ஒரு மாதம் தருவார்கள். போதாவிட்டால் தொலைபேசி எடுத்து இன்னும் நாள் கேட்கலாம். நேரத்துக்கு அனுப்பினால், முடிவு வரும்வரை பழைய பணம் பொதுவாக நிற்காது. அனுப்பாமல் விட்டால்தான் நிற்கும். பயத்தில் கடிதத்தைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்த இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அந்தப் படிவத்தில் முன்னைவிடக் கடினமா, இலேசா, மாற்றமில்லையா என்று கேட்டிருக்கும். பெரும்பாலானவர்கள் எல்லாப் பக்கத்திலும் ‘மாற்றமில்லை’ என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். முன்னர் எழுதியது அவர்களிடம் இருக்கும்தானே என்ற நம்பிக்கை. பழைய படிவத்தில் தப்பாக எழுதியிருந்தால் அந்தத் தப்பும் மாற்றமில்லாமல் அப்படியே தொடரும். நான் இந்தமுறை மாற்றமில்லாத இடங்களிலும் முழுவதையும் திரும்ப எழுதினேன். இரண்டு வாரம் ஒரு கொப்பியில் தினமும் குறித்தேன்: எத்தனை மணிக்கு எழுப்பினேன், குளியலறையில் எங்கே பிடித்தேன், எத்தனை தரம் தடுமாறினார், இரவில் எத்தனை தரம் எழுந்தேன். முதல் நாள் எழுதும்போது வெட்கமாக இருந்தது, கட்டின மனுசன்மேல் கோள் சொல்வதுபோல். மூன்றாம் நாள் இவரே கொப்பியை வாங்கிப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு இடது கையால் என் கையைத் தட்டினார். அதற்குப் பிறகு வெட்கப்படவில்லை.

பேச்சுப் பக்கம்தான் எனக்குப் பெரிய பாடம். 2021 இல் அந்தப் பக்கத்தில் ‘ஆங்கிலம் பேசுவது கஷ்டம்’ என்று எழுதியிருந்தோம். அதற்குப் புள்ளி இல்லை, வரவும் முடியாது. சட்டத்திலேயே சொந்த மொழியில் பேசவும் விளங்கவும் முடியுமா என்றுதான் கேட்கிறார்கள். ஆங்கிலம் தெரியாதது கணக்கில் வராது. எங்களுடைய உண்மையான கஷ்டமோ தமிழில்தான் இருந்தது. இவருக்கு வந்திருப்பது அஃபேசியா, மூளை பாதிக்கப்பட்டதால் சொற்கள் தடுமாறுகிற நிலை. தேநீர் வேண்டுமென்றால் ‘மழை’ என்பார். மகளைத் தன் தங்கச்சியின் பெயரால் கூப்பிடுவார், பிறகு தானே தலையில் தட்டிக்கொள்வார். ஒரு வசனம் சொன்னால் விளங்கும். இரண்டு வசனம் சேர்த்துச் சொன்னால் முதலாவது போய்விடும். வைத்தியர் தமிழ்க்காரராகவே இருந்தாலும், அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து துண்டு துண்டாக நான்தான் திரும்பச் சொல்லவேண்டும். இதையெல்லாம் தமிழிலேயே நடக்கிற கஷ்டமாக எழுதிய பிறகு அந்த ஒரு விடயத்துக்கு மட்டும் 4 புள்ளி வந்தது. நாலு வருடம் அது எங்கள் கண்முன்னேயே கிடந்தது.

மதிப்பீடு தொலைபேசியில் நடந்தது. நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டோம், அதற்கு நாங்கள் காசு கட்டத் தேவையில்லை. நானும் பக்கத்தில் இருந்து பேசலாம் என்று அனுமதி வாங்கினோம். “தனியாகச் சமைப்பீர்களா?” என்று கேட்டார்கள். இவர் நிமிர்ந்து இருந்து, “ஓம்” என்றார். கல்யாணம் செய்த நாளிலிருந்து இவர் அடுப்படிக்கு வந்ததே ஞாயிறு ஆட்டிறைச்சிக் கறிக்குத்தான், அதில் அவ்வளவு பெருமை. அந்தப் பெருமைதான் ‘ஓம்’ என்றது. நான் கையைக் காட்டித் தடுத்து, கடைசியாக அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற அன்று கறிச்சட்டி இடது கையிலிருந்து சரிந்து கால் வெந்ததைச் சொன்னேன். அந்த நேரம் இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மற்றவர் கேட்க, கட்டினவள் வாயால் தன் இயலாமையைக் கேட்பது எந்த மனுசனுக்கும் சுகமில்லை. அதனால்தான் இது முன்கூட்டியே, ஆறுதலாக, தெரிந்த ஒருவர் முன்னிலையில் வீட்டுக்காரர் இருவரும் பேசி முடிக்கவேண்டிய விடயம் என்கிறேன்.

இதுவரை நான் ஒரு மனைவியாக எழுதினேன். மனைவிக்கு ஏலாமல் இருந்து கணவர் படிவம் நிரப்புகிற வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். மூட்டுவாதம் வந்து விரல்கள் மடங்கிப்போன ஓர் அக்கா எங்கள் தெருவில் இருக்கிறா. பிள்ளைகள் பள்ளியால் வர முன்னர் சோறும் இரண்டு கறியும் மேசையில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு அண்ணர் ‘சமையல்: பிரச்சினை இல்லை’ என்று எழுதிவிட்டார். வெங்காயம் வெட்ட எவ்வளவு நேரம், எத்தனை தரம் கதிரையில் இருந்து எழும்பினா, சமைத்து முடித்து எத்தனை மணிநேரம் படுத்தா என்பதை அவர் பார்த்ததில்லை. அவர் வேலைக்குப் போயிருப்பார். பெண்கள் வலியோடு செய்கிற வேலை எங்கள் வீடுகளில் வேலையாகவும் தெரிவதில்லை, வலியாகவும் தெரிவதில்லை.

இனி ஊர்க் கண்ணைப் பற்றி. கோபிக்காதீர்கள், இது உங்களிடம் சொல்லவேண்டியது. போன வருடம் தேர்த் திருவிழாவுக்கு இவரைக் கூட்டி வந்தேன். வடத்தில் கைவைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு கொஞ்சத்தூரம் நடந்தோம். அன்று பின்னேரமே, “அவர் நல்லா நடக்கிறார்தானே, பிறகென்ன காசு எடுக்கினம்?” என்ற பேச்சு என் காதுக்கு வந்துவிட்டது. அந்த நடைக்குப் பிறகு இரண்டு நாள் கால் வீங்கிக் கட்டிலில் கிடந்ததை யாரும் பார்க்கவில்லை. இந்தப் பேச்சுக்குப் பயந்தே உரிமையுள்ளவர்கள் கேட்காமல் இருக்கிறார்கள். கேட்டு வாங்குகிறவர்கள் கோயிலுக்கு வராமல் விடுகிறார்கள். மேடையில் அறிவித்தல் சொல்லும்போது, பிப் என்பது பிச்சையும் இல்லை, ஏமாற்றும் இல்லை, சட்டம் கொடுத்த உரிமை என்று ஒருமுறை நிர்வாகத்தின் வாயால் சொல்லுங்கள். நாங்கள் நூறு தரம் சொல்வதற்கு அது சமம்.

இதோடு வேறு சில பணங்களும் சேர்ந்திருக்கின்றன, அவையும் தெரியாமல் போகின்றன. அன்றாட வாழ்க்கைப் பிரிவில் பிப் கிடைக்கிற ஒருவரை வாரத்தில் 35 மணிநேரமாவது பார்க்கிறவருக்குப் பராமரிப்பாளர் கொடுப்பனவு உண்டு. 2025 ஏப்ரலில் அது வாரத்துக்கு 83.30 பவுண்ஸாக இருந்தது. கையில் வரும் வாரச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் (2025 ஏப்ரலில் 196 பவுண்ஸ்) அது முழுவதும் போய்விடும், கொஞ்சமாகக் குறையாது. இதைத் தெரியாமல் வேலைநேரத்தைக் கூட்டினால் பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள். பிப் நின்றால் இதுவும் நிற்கும் என்பதால் ஒரு படிவத்தில் இரண்டு பேரின் வருமானம் தொங்குகிறது. அப்புறம், ஓய்வூதிய வயது தாண்டியவர்கள் புதிதாகப் பிப் கேட்க முடியாது, அவர்களுக்குக் கவனிப்புக் கொடுப்பனவு (Attendance Allowance) என்று வேறொன்று இருக்கிறது. வீட்டுக்கு வீடு இருக்கிற அம்மப்பா, அம்மம்மாக்களில் எத்தனை பேர் அதை எடுக்கிறார்கள்? ஸ்கொட்லாந்தில் பிப்புக்குப் பதில் அவர்களுடைய சொந்தத் திட்டம் 2022 முதல் நடக்கிறது, கிளாஸ்கோ பக்கத்து நிர்வாகிகள் அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் கேட்பதைச் சொல்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வகுப்புகள் நடக்கிற இரண்டு மணிநேரம், கதவு சாத்தக்கூடிய ஓர் அறை. மண்டபத்தின் மூலையில் வேண்டாம். மலசலகூடத்தைப் பற்றியும் மாதவிடாயைப் பற்றியும் புத்தி தடுமாறுவதைப் பற்றியும் பேசவேண்டிய இடம் அது. ஒரு மேசை, நாலு கதிரை, பிரதி எடுக்கிற இயந்திரம். ஏற்கனவே புதுப்பித்து முடித்த இரண்டு மூன்று பேர், அதில் ஒரு பெண்ணாவது இருக்கவேண்டும். கேள்வி கேட்பது, கேட்டதை அவர்கள் சொன்னபடியே ஆங்கிலத்தில் எழுதுவது, வைத்தியக் கடிதங்களைச் சேர்த்து ஒவ்வொரு தாளிலும் பெயரும் தேசியக் காப்புறுதி இலக்கமும் எழுதுவது, முழுவதையும் பிரதி எடுத்து வைப்பது, தபால் கந்தோரில் அனுப்பியதற்குப் பற்றுச்சீட்டு வாங்கச் சொல்வது. இவ்வளவுதான் வேலை. எதையும் கூட்டி எழுதக்கூடாது, குறைத்தும் எழுதக்கூடாது. விசா, வதிவிடம் பற்றிய கேள்வி வந்தால் நாங்கள் வாய் திறக்கக்கூடாது. அதற்கு அனுமதி பெற்றவர்கள்தான் சொல்லலாம், விசாவில் பொது நிதி இல்லை, அதாவது அரச உதவிப் பணம் எடுக்கக்கூடாது, என்று இருப்பவர் விண்ணப்பித்தால் அவருக்கே தீங்கு வரும். அந்த இடத்தில் சட்டத்தரணியிடம் அனுப்பிவிட வேண்டும்.

முடிவு பாதகமாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை அந்த அறையில் சொல்லவேண்டும்: முடிவுக் கடிதத்தின் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள், அதிலும் இல்லையென்றால் சுயாதீனத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். அங்கே ஒரு நீதிபதி, ஒரு வைத்தியர், மாற்றுத்திறனைப் பற்றி அனுபவம் உள்ள ஒருவர் என மூன்று பேர் கேட்பார்கள். விசாரணைவரை போன பிப் வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை பல வருடங்களாக விண்ணப்பித்தவர் பக்கமே முடிந்திருக்கின்றன. ‘இல்லை’ என்று கடிதம் வந்ததும் எங்கள் ஆட்கள் அதைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அரச முத்திரையோடு வரும் கடிதத்துக்குப் பதில் எழுதினால் வில்லங்கம் வரும் என்று ஊரில் பட்ட பயம் இங்கேயும் கூட வந்திருக்கிறது. அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். அதைச் சுமந்துகொண்டுதான் நானும் வந்தேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் நிபந்தனையாகக் கேட்கிறேன். அந்த அறையில் பிள்ளைகளை வைத்து மொழிபெயர்க்க விடாதீர்கள். உங்கள் வகுப்பறைகளில் பாரதியார் பாட்டுப் பாடமாக்குகிற பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் அப்பாவின் மருந்துச்சீட்டும் அம்மாவின் படிவமும் வாசிக்கிறார்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். என் மகளுக்கு இப்போது 19 வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இந்தமுறை படிவத்தை நானும் ஆலோசனை நிலையத்துப் பெண்ணும் நிரப்பினோம் என்று தொலைபேசியில் சொன்னபோது கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: “அம்மா, அப்ப நான் எழுதினது பிழையா? அதாலதான் முதல் தரம் கிடைக்கேல்லையா?” ஐந்து வருடம் அந்தக் கேள்வியைப் பிள்ளை மனதுக்குள் வைத்திருந்திருக்கிறாள். பிழை அவளுடையது இல்லை என்று சொன்னேன். அவள் நம்பினாளோ தெரியாது.

முடிவு இந்தத் தையில் வந்தது. 16 புள்ளி, கூடிய தொகை. கடிதத்தை ஒரு வசனம் ஒரு வசனமாக இவருக்குச் சொன்னேன்.

எந்தப் பள்ளியோ கோயிலோ முதலில் அறை தருகிறதோ, அங்கே முதல் சனிக்கிழமையிலிருந்து நான் வருகிறேன். கொப்பியும் கொண்டு வருகிறேன், எப்படிக் குறிக்கவேண்டும் என்று காட்ட. இவரும் கூட வருவார், இந்தமுறை காருக்குள் இருக்க மாட்டார், கேட்டுவிட்டேன். இவரோடு கதைக்கிறவர்கள் ஒரு நேரத்தில் ஒரு வசனம் மட்டும் சொல்லுங்கள். பதில் வர நேரம் எடுக்கும், அதுவரை அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருங்கள்.

அன்புடன்,
வடமேற்கு லண்டனிலிருந்து ஒரு மனைவி